குண்டு வெளியேறிய பிறகு

போட்டித் துப்பாக்கிகளின் குழல்முனையில் பொருத்தப்படும் கருவிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் உதைப்பின் அளவிலிருந்தே தொடங்குகின்றனர். எந்தக் கருவி தோளில் விழும் உதையை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பதே அவர்களுடைய முதற்கேள்வியாகவும், பல நேரங்களில் ஒரே கேள்வியாகவும் நின்றுவிடுகிறது. அக்கருவி எந்தக் கணத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது என்று முதலில் கேட்டால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும் என்பது, தொப்பூரிலும் பின்னர்த் தமிழகத்தின் வேறு சுடுதளங்களிலும் பழகிய காலத்தில் இக்கட்டுரையாளர் மெல்ல மெல்ல வந்தடைந்த முடிவு. அந்த முடிவுக்குக் காரணமான மனிதரையும் ஊரையும் கணக்குகளையும் நினைவிலிருந்து எடுத்து வைப்பதே இங்கு நோக்கம்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குண்டுக்குப் பின்னால் குழல்வாயிலிருந்து பீறிட்டு வரும் வெடிவாயுவை மேல்நோக்கித் திருப்பி, அதன் எதிர்விசையால் குழல் மேலெழுவதைத் தடுக்கும் கருவி காம்பென்சேட்டர் எனப்படும். அதே வாயுவைப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னோக்கியோ திருப்பித் துப்பாக்கி பின்னால் உதைப்பதைக் குறைக்கும் கருவி மசில் பிரேக் எனப்படும். விற்பனைக்கு வரும் பல கருவிகள் இரு வேலைகளையும் ஓரளவு கலந்தே செய்வதால், சுடுதளப் பேச்சில் இவ்விரு பெயர்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. வெடிவாயுவின் தீச்சுடரைச் சிதறடித்து மறைக்கும் ஃபிளாஷ் ஹைடர் வேறு வகையைச் சேர்ந்தது; உதைப்பைக் குறைப்பது அதன் வேலையன்று.

தொப்பூர், தருமபுரி மாவட்டத்தின் தென்கோடியில், சேலம் சமவெளிக்கு இறங்கும் கணவாயின் தலைப்பில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியாகத்தான் இறங்குகிறது. வடக்கிலிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் அனைத்தும் இந்தச் சரிவைக் கடந்தாக வேண்டும் என்பதால், இங்கு நேர்ந்த விபத்துகளின் பட்டியலும் நீண்டது. அந்தச் சரிவில் லாரிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புத்தகச் சொல்லன்று. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்குழாயை ஒரு தகட்டால் அடைத்தால், வெளியேற வழியின்றித் தேங்கும் வாயு பிஸ்டன்களின் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். கியரில் இருக்கும் வண்டி அதனால் வேகம் குறையும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்கும் வண்டிக்கு இந்த உதவி கிடைக்காது. வாயுவுக்கு எடை உண்டு, வேகம் உண்டு, அதைத் திசைமாற்றியோ தடுத்தோ ஒரு பெரிய உலோகப் பொருளின் இயக்கத்தையே கட்டுப்படுத்தலாம் என்ற உண்மையை இவ்வூரில் விளக்குவதற்குக் கரும்பலகை தேவைப்பட்டதில்லை.

அதை அவ்வாறு விளக்கியவர், தரைப்படையின் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது சிறு ஆயுதங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒருவர். ஊர்ப் பிள்ளைகள் அவரை மிலிட்டரி மாமா என்று அழைத்தனர். என்.சி.சி.யில் சேர்ந்த மாணவர்கள் முகாமுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவர் வீட்டுத் திண்ணையில் கூடுவது வழக்கம். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். துப்பாக்கியைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதாக எவருக்கும் நினைவில்லை. அது சூடேறினால் என்ன ஆகும், துரு எங்கே பிடிக்கும், திருகு எங்கே தளரும் என்றுதான் பேசுவார். குழல்முனைக் கருவிகளைப் பற்றிக் கேட்டபோது அவர் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்த படமும், சரிவில் இறங்கும் லாரியைக் கைகாட்டி அவர் சொன்ன விளக்கமுமே இந்தக் கட்டுரையின் வேர்.

இந்தக் கணவாய்க்கும் வாயுவின் விசைக்கும் அதைவிடப் பழைய தொடர்பும் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 நவம்பரில், திப்பு சுல்தானின் படை தொப்பூர்க் கணவாய் வழியாகத்தான் கீழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கியது. ஜெனரல் மெடோஸ் தலைமையிலான கம்பெனிப் படை அதைப் பின்தொடர்ந்தது. அக்காலத்து மைசூர்ப் படையின் சிறப்புகளுள் ஒன்று இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட். வாயுவைப் பின்னோக்கிச் செலுத்தினால் குழாய் முன்னோக்கிப் பாயும் என்பதே ராக்கெட்டின் அடிப்படை. போட்டித் துப்பாக்கியின் பிரேக்கும் வாயுவைப் பின்னோக்கித் திருப்பித் துப்பாக்கியை முன்னோக்கித் தள்ளுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சிக்குப் பின் அந்த ராக்கெட்டுகளைக் கொண்டுபோய் ஆராய்ந்த ஐரோப்பாவில்தான், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரெஞ்சுப் பீரங்கி வல்லுநரான த்ரெய் த போலியூ பீரங்கிக் குழலின் முனையில் துளைகளிட்டு உதைப்பைக் குறைக்கும் முயற்சியை மேற்கொண்டார் என்பது, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கூற இடமில்லை எனினும், நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க வரிசை.

வாயுவின் பங்கு எவ்வளவு என்பதை எளிய பெருக்கலால் கண்டுபிடிக்கலாம். ஒரு பொருளின் எடையை அதன் வேகத்தால் பெருக்கக் கிடைப்பது உந்தம். துப்பாக்கி பின்னால் பெறும் உந்தம், குண்டும் வாயுவும் முன்னால் கொண்டுசெல்லும் உந்தங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். 300 மீட்டர்ப் போட்டிகளில் பயன்படும் .308 வகைத் தோட்டாவில் ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதைச் செலுத்தும் வெடிமருந்து 2.8 கிராம் அளவில் இருக்கும், அது வாயுவாக மாறி விநாடிக்குச் சுமார் 1200 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வது வழக்கம். கணக்கிட்டால் மொத்த உந்தத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாயுவுக்கு உரியது. 5.56 மில்லிமீட்டர்த் தோட்டாவில் குண்டு 4 கிராம்தான், மருந்தோ 1.6 கிராமுக்கு மேல். ஆகவே அங்கு வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றை எட்டுகிறது. குண்டு சிறிதாகவும் மருந்து மிகுதியாகவும் உள்ள தோட்டாவில் பிரேக் நன்றாக வேலை செய்வதன் காரணம் இதுதான். அந்தப் பங்கை முன்னால் போகவிடாமல் பக்கத்தில் திருப்பினால் உதைப்பில் அந்த அளவு குறையும். பின்னோக்கித் திருப்பினால் இன்னும் சிறிது குறையும். குண்டின் பங்கைத் தொட எந்தக் கருவியாலும் இயலாது.

என்.சி.சி. மாணவர்கள் கையிலெடுத்த .22 துப்பாக்கிக்கு இதே கணக்கைப் போட்டபோது திண்ணையில் இருந்தவர்கள் வியந்தனர். அதன் குண்டு 2.6 கிராம், வேகம் விநாடிக்கு 325 மீட்டரை ஒட்டியது, மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது. நீண்ட குழலில் அம்மருந்து பாதி வழியைத் தாண்டியதுமே தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. குழல்வாயை அடையும்போது திருப்பிவிடத்தக்க அழுத்தம் அதிகம் எஞ்சியிருப்பதில்லை. 6 கிலோ எடையுள்ள ஒரு போட்டித் துப்பாக்கியில் .308 தோட்டாவைச் சுட்டால் அது விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும்; .22 தோட்டாவைச் சுட்டால் விநாடிக்கு 15 சென்டிமீட்டர்தான். அந்த 15 சென்டிமீட்டரிலும் வாயுவின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரிய துப்பாக்கிகளின் படங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் .22க்கும் ஒரு பிரேக் இருந்தால் மதிப்பெண் கூடுமே என்று ஏங்கிய மாணவர்களுக்கு அந்தக் கணக்கே விடையாக அமைந்தது.

ஆயினும் கணக்கைவிட முக்கியமானது காலம். விசையை அழுத்தியதும் மருந்து எரிகிறது; குண்டு குழலுக்குள் ஓடுகிறது; அந்த ஓட்டம் பெரிய தோட்டாவில் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியும், .22இல் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கும் நீடிக்கிறது. அந்த நேரத்திலேயே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. குண்டு வெளியேறிய பிறகுதான் அதன் பின்னால் அடைபட்டிருந்த வாயு கருவியின் அறைகளுக்குள் பாய்ந்து தகடுகளில் மோதித் திசைமாறுகிறது. எனவே மிகச் சிறந்த காம்பென்சேட்டரும், தான் வேலை செய்யத் தொடங்கும் முன்பே போய்விட்ட குண்டுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. அது மாற்றுவது அடுத்த குண்டுக்கான ஆயத்தத்தை மட்டுமே: இலக்கு கண்ணிலிருந்து எவ்வளவு விலகியது, எவ்வளவு விரைவில் திரும்பி வந்தது, சுடுபவரின் தோளும் கன்னமும் அடுத்த உதைக்கு அஞ்சிச் சுருங்கினவா இல்லையா என்பனவற்றை. கடைசியாகச் சொன்னது சிறிய செய்தியன்று. உதைக்கு அஞ்சி முன்கூட்டியே உடலை இறுக்குவது, சுடுதளங்களில் ஃபிளின்ச் என்று சொல்லப்படும் பிழை, நல்ல கண்ணையும் நல்ல துப்பாக்கியையும் வீணாக்கிவிடக் கூடியது.

கருவிகளின் வடிவங்களை ஆர்மரர் தம் பணிக்காலத்தில் கண்ட துப்பாக்கிகளைக் கொண்டே விளக்கினார். 1959இல் சோவியத் படையில் ஏற்கப்பட்ட ஏகேஎம் துப்பாக்கியின் குழல்முனையில் இருப்பது, ஒரு குழாயைச் சாய்வாக வெட்டிவிட்டாற்போன்ற துண்டு மட்டுமே. அதன் கீழ் உதடு நீண்டிருப்பதால் வாயு மேலும் வலமுமாகச் சிதறிக் குழலைக் கீழும் இடமுமாகத் தள்ளுகிறது. வலத்தோளில் வைத்துச் சுடுபவரிடம் அத்துப்பாக்கி எழும் திசைக்கு அது நேர் எதிர். திருச்சிராப்பள்ளியில் 1966இல் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையில் அண்மைக் காலத்தில் உருவான திருச்சி அசால்ட் ரைஃபிளும் இதே மரபைச் சேர்ந்தது. இன்னொரு வடிவம், மேற்புறத்தில் மட்டும் குறுக்கு வெட்டுகள் கொண்ட அறை. அமெரிக்கக் கடற்படை வீரர் பிரிவின் அதிகாரியான ரிச்சர்ட் கட்ஸ் பெயரால் அறியப்பட்டு, 1928ஆம் ஆண்டு மாதிரித் தாம்சன் துப்பாக்கியில் பொருத்தப்பட்டது அவ்வகை. மூன்றாவது, இருபக்கமும் அகன்ற சாளரங்களும் அவற்றுக்கிடையே செங்குத்துத் தகடுகளும் கொண்ட பிரேக். இன்று தொலைதூரத் துல்லியச் சுடுதல் போட்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே.

பிற்காலத்தில் ஒரு பெருந்துளைத் துப்பாக்கிப் பயிற்சியில் இம்மூன்றாம் வகையையும் மேல்வெட்டு வகையையும் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியபோது, ஆர்மரரின் சொற்களுக்கு உடலே சான்று கூறியது. மேல்வெட்டுக் கருவி பூட்டிய துப்பாக்கியில் தோள் பெற்ற அடி ஏறக்குறைய முன்போலவே இருந்தது. ஆனால் இலக்கு கண்ணாடிக்குள்ளேயே நின்றது. பக்கத் தகடுகள் கொண்டதில் தோள் தளர்ந்தது, உடல் அஞ்சவில்லை, குழல் மட்டும் சற்று எழுந்து பிறகு தணிந்தது. முதலாவது, விரைவாக அடுத்தடுத்துச் சுட வேண்டிய இலகுவான துப்பாக்கிக்கு உரியது. இரண்டாவது, ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது என்பதைத் தொலைநோக்கிக் கண்ணாடி வழியே சுடுபவரே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டிய கனமான துப்பாக்கிக்கு உரியது. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் போட்டியின் பெயரைச் சொல்லாமல் விடை கூற இயலாது.

இத்தகைய ஒப்பீடுகளில் பொதுவாக விடுபட்டுப்போகும் ஒன்றையும் அன்று காண நேர்ந்தது. எந்தக் கருவியும் குழல்முனையில் நூறு கிராம் அளவிலான எடையைக் கூட்டுகிறது. முனையில் எடை கூடிய துப்பாக்கி, கருவியில் ஒரு துளைகூட இல்லாவிட்டாலும், குறைவாகவே எழும். குழலின் அதிர்வும் மாறுவதால் குண்டு படும் இடமும் மாறும். ஆகவே வெறுங்குழலோடு பிரேக்கை ஒப்பிட்டுக் கிடைத்த முடிவில் எவ்வளவு வாயுவின் வேலை, எவ்வளவு எடையின் வேலை என்று பிரிக்க முடியாது. அதே எடையும் அதே நீளமும் உள்ள, துளையற்ற குழாயொன்றைப் பொருத்திச் சுட்டுப் பார்த்து, அதனோடு ஒப்பிடுவதே நேர்மையான முறை. அந்த முறையைக் கையாளாத எந்த விழுக்காட்டையும் நம்பாமல் இருப்பது வாங்குபவருக்கு நல்லது.

திருப்பிவிடப்பட்ட வாயு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்தில் திரும்பிய வாயு பக்கத்தில் படுத்திருப்பவரின் முகத்துக்குப் போகிறது. அதனோடு ஓசையும் போகிறது. ஒரே கணத்தில் வெடிக்கும் ஓசை 140 டெசிபலைத் தாண்டினாலே செவிக்குக் கேடு என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட எல்லை. பெருந்துளைத் துப்பாக்கி பிரேக் இல்லாமலேயே அதைத் தாண்டுகிறது, பிரேக் பூட்டியதும் சுடுபவரின் காதருகிலும் அடுத்தவரின் காதருகிலும் மேலும் உரக்கிறது. தருமபுரிப் பகுதியின் வறண்ட மண்ணில் அடிப்புறத் துளை கொண்ட கருவியைப் பூட்டிப் படுத்துச் சுட்டால், எழும் புழுதி தன் இலக்கையும் மறைக்கும், அண்டையவரின் இலக்கையும் மறைக்கும். பயிற்சியில் பிரேக் பூட்டிய ஒருவருக்கு அடுத்த பாயில் படுத்திருந்தபோது, அவர் சுடும் ஒவ்வொரு முறையும் கண் தானாக மூடிக்கொண்டதும், அந்தத் தொடரில் எதிர்பார்த்த வட்டங்கள் கைகூடாமல் போனதும் கட்டுரையாளரின் நினைவில் அழியாமல் உள்ளன. அடுத்தவரின் செவிப்பறையையும் கவனத்தையும் விலையாகக் கொடுத்துப் பெறும் வசதி போட்டிக்கு உரியதன்று என்ற உறுதி அன்று பிறந்தது.

பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள் இதே பக்கம்தான் நிற்கின்றன. ஒலிம்பிக் வரை செல்லும் அதன் ரைஃபிள் போட்டிகளில் காம்பென்சேட்டரும் மசில் பிரேக்கும் தடைசெய்யப்பட்டவை. குழலிலோ அதன் நீட்சியாகப் பொருத்தும் குழாயிலோ துளைகள் இருக்கக் கூடாது. துளையற்ற நீட்சிக் குழாய்க்கு இடமுண்டு. பார்வைக் குறிகளின் இடைவெளியை நீட்டி, குறி வைப்பதில் நேரும் சிறு பிழையைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் பயன். எஃப்-கிளாஸ் எனப்படும், தாங்கியில் வைத்துச் சுடும் தொலைதூரப் போட்டியும் பிரேக்கை ஏற்பதில்லை. மாறாக, ஐ.பி.எஸ்.சி. நடத்தும் செயல்முறைச் சுடுதலின் திறந்த பிரிவுகளிலும், அமெரிக்காவில் வளர்ந்த பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் போட்டிகளிலும் இக்கருவிகள் இல்லாத துப்பாக்கியைக் காண்பது அரிது. அங்கே போட்டியே விரைவைப் பற்றியது.

கைத்துப்பாக்கிகளின் வரலாறு இந்த வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகளை 8, 6, 4 விநாடிகளுக்குள் பதிக்க வேண்டும். அங்கே குழல் எழுந்து இறங்கும் ஒவ்வொரு கணமும் மதிப்பெண்ணாக மாறுகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை வீரர்கள் அதற்கென மிகக் குறைந்த மருந்துள்ள .22 ஷார்ட் தோட்டாவையும், மேற்புறம் துளைகளிட்ட குழலையும் பயன்படுத்தினர். அதன் பின் வந்த விதி மாற்றம் இரண்டையும் நீக்கி, .22 லாங் ரைஃபிள் தோட்டாவையும் துளையற்ற குழலையும் கட்டாயமாக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியத் தரைப்படையின் விஜய் குமார் இப்போட்டியில் வென்ற வெள்ளிப் பதக்கம் அந்தக் கடினமான விதிகளின் கீழ், கருவியின் உதவியின்றி வென்றது. அவர் தரைப்படையின் மாவ் நகரத்து மார்க்ஸ்மன்ஷிப் யூனிட்டில் பழகியவர் என்பதை ஆர்மரரைப் போன்ற ஓய்வுபெற்ற படைவீரர்கள் பூரிப்போடு சொல்லிக்கொள்வர். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு மட்டும் துளையிட்ட குழல் இன்றும் அனுமதிக்கப்படுகிறது. ஒன்றரை கிலோவுக்கு மிகாத கருவியை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிப்பவருக்கு அந்தச் சலுகை பொருத்தமானதே.

குழல்முனை இழப்பீடு என்ற எண்ணத்துக்கு இதனினும் நுட்பமான மற்றொரு பக்கம் உண்டு; அதில் வாயுவுக்கு வேலையே இல்லை. சுடும்போது குழல் ஒரு கம்பி போல் மேலும் கீழும் அதிர்கிறது. குழல்முனை மேலெழும் கணத்தில் குண்டு வெளியேறுமாறு அமைந்தால், வேகமான குண்டு சற்று முன்னதாக, முனை தாழ்ந்திருக்கும்போதே போய்விடும்; மெதுவான குண்டு சற்றுப் பிந்தி, முனை உயர்ந்த நிலையில் போகும்; உயர்த்தி எறியப்பட்ட மெதுவான குண்டும் தாழ்த்தி எறியப்பட்ட வேகமான குண்டும் குறிப்பிட்ட ஒரு தொலைவில் ஒரே இடத்தைத் தொடும். காவல்துறையிலும் என்.சி.சி.யிலும் நெடுங்காலம் வழங்கிய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, அதன் பூட்டு பின்புறத்தில் அமைந்து உடல் சற்று வளைந்துகொடுப்பதால், இந்தப் பண்பை இயல்பாகவே பெற்றிருந்தது. அருகிலுள்ள இலக்குகளில் நடுத்தரமாக நடந்துகொண்ட அது, 900 கெஜத்துக்கு மேல் தன்னைவிடத் துல்லியமானவை எனக் கருதப்பட்ட துப்பாக்கிகளோடு போட்டியிட்டதற்குக் காரணம் அதுவே. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்யப்பட்ட அந்தப் பழைய துப்பாக்கியைத் தொட்டுப் பேசும்போது மட்டும் ஆர்மரரின் குரலில் ஒரு கனிவு தென்படும்.

இதே எண்ணத்தை .22 துப்பாக்கியில் செயற்கையாக உண்டாக்குவதற்குத்தான் டியூனர் எனப்படும் நகர்த்தக்கூடிய எடை குழல்முனையில் மாட்டப்படுகிறது. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் விநாடிக்கு 5 மீட்டர் வேறுபட்டால், 50 மீட்டர் தொலைவில் குண்டு விழும் உயரம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் மாறும். அத்தொலைவில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், அந்த வேறுபாட்டை எடையை முன்னும் பின்னும் நகர்த்தியே அடக்கிவிட முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும். பிரேக்கைப் போலன்றி டியூனர், குண்டு குழலுக்குள் இருக்கும்போதே தன் வேலையை முடித்துவிடுகிறது. போய்க்கொண்டிருக்கும் குண்டுக்கே அது பயன்படுகிறது. குழல்முனைக் கருவிகளுள் துல்லியத்துக்கு உண்மையில் உதவுவது எது என்று கேட்டால், இக்கட்டுரையாளரின் விடை ஓசையற்ற இந்த எடையே.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் அரங்கில் நின்றவர்களுக்கு இவை எல்லாம் தொலைவில் கேட்கும் பேச்சாகவே இருக்கும். அரை கிராமை ஒட்டிய ஈயப் பெல்லட், விநாடிக்கு 170 மீட்டரளவில் வெளியேறி, 80 மில்லிமீட்டர்ச் சதுர அட்டையின் நடுவே அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வெண்புள்ளியைத் தேடிச் செல்கிறது. ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கி அதற்குக் காட்டும் அசைவு கண்ணுக்கே தெரிவதில்லை. தற்காலத் துப்பாக்கிகள் சிலவற்றில் அந்தச் சிறு அசைவையும் எதிர்த்திசையில் நகரும் ஓர் எடை விழுங்கிவிடுகிறது. ஆனால் பெல்லட் மெதுவாகச் செல்வதால் குழலுக்குள் அது கழிக்கும் நேரம் நீள்கிறது. அந்த நேரம் முழுவதும் சுடுபவரின் உடல் அசையாதிருக்க வேண்டும். விசையை அழுத்திய பிறகும் சில கணங்கள் குறியிலேயே நிலைத்து நிற்கும் பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் ஃபாலோ த்ரூ என்பர். பெருந்துளைத் துப்பாக்கியில் குண்டு போன பின் நடப்பதை உலோகம் கவனித்துக்கொள்கிறது. இங்கே அதைக் கவனித்துக்கொள்ள வேண்டியது மூச்சும் முதுகெலும்பும் பொறுமையும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் இந்தப் போட்டியில் தங்கம் வென்றதும், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக நின்றதும் அந்தப் பொறுமையின் கனி. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இதே வகைத் துப்பாக்கியால்தான்.

தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து இப்போது இவ்விளையாட்டுக்கு வரும் பிள்ளைகள், குழல்முனையில் எதைப் பூட்டலாம் என்று கேட்பதுண்டு. ஏர் ரைஃபிளிலும் .22இலும் போட்டியிட விரும்பும் ஒருவருக்குக் காம்பென்சேட்டரில் போடும் பணம் வீண். விதி அதை ஏற்காது, இயற்பியலும் அதற்குப் பயன் காட்டாது. ஒரே தொகுதி எண்ணைக் கொண்ட நல்ல பெல்லட்டுகளும், உடலைத் தாங்கும் சுடுதல் மேலங்கியும், குறி பிழைத்த காரணத்தைச் சொல்லித் தரும் பயிற்சியாளரும் அதைவிட முந்தியவை. பெருந்துளைத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்று, பிரேக்கை அனுமதிக்கும் போட்டிக்கே செல்பவராயின், பக்கத் தகடுகள் கொண்ட, அடிப்புறத் துளை இல்லாத கருவியைத் தேர்ந்து, குண்டு செல்லும் துளையோடு அது மையம் பிசகாமல் பொருந்தியிருப்பதைத் தகுதியுள்ள ஆர்மரரைக் கொண்டு உறுதிசெய்து, அடுத்த பாயில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சுட வேண்டும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் அந்த எல்லையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பத்து மீட்டர் நீளமும், ஒருவருக்கு ஒரு மீட்டர் அகலமும், பின்புறம் உறுதியான சுவரும், ஒரு வாயிலும், எந்நேரமும் கண்காணிக்கும் ஒரு பெரியவரும் இருந்தால் ஓர் அரசுப் பள்ளியின் நீண்ட கூடத்திலேயே இவ்விளையாட்டைத் தொடங்கிவிடலாம். தொப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் ஒழுக்கத்தை இளைஞர்களுக்குக் கற்பிக்கக் காத்திருப்பவர்கள் உள்ளனர். மாவட்ட விளையாட்டு அலுவலர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் அவர்களை அழைத்து, கணவாயின் தலைப்பிலுள்ள ஏதேனும் ஒரு பள்ளியில் நான்கு தடங்கள் கொண்ட ஏர் ரைஃபிள் கூடம் ஒன்றை அமைக்க முன்வர வேண்டும்.